இருட்டில் கொத்திய பாதி

விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தோட்டத்துப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

சரக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் சரக்.

சந்தியாகு பாயில் எழுந்து உட்கார்ந்தான். காட்டுப்பன்றி இவ்வளவு நிதானமாகத் தோண்டாது. உறுமும், அலைபாயும். இது மனுஷர் செய்கிற சத்தம். அதுவும் அவனுடைய துண்டு நிலத்திலிருந்து வந்தது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான். வெளிச்சம் விழுந்த இடத்தில் மரகதம்மா நின்றிருந்தார். சேலையை இழுத்துச் செருகியிருந்தார். கையில் மண்வெட்டி.

"லைட்டை அமத்துங்கண்ணே," என்றார்.

அமர்த்தினான். அமாவாசைக்கு முந்தின நாள். தன் கையே தெரியவில்லை. சத்தம் மட்டும் மறுபடி தொடங்கியது.

அந்த இடம் சிறுமலை அடிவாரத்தில் இருந்தது. ஆசிரமம் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சொன்னார்கள். போர்டு எதுவும் கிடையாது. நாலு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, சோளமும் கடலையும் விளைகிற நிலம். வீட்டில் இருக்க முடியாமல் வந்தவர்கள், வீட்டில் இருக்கக் கூடாது என்று வந்தவர்கள், இப்படி ஆறேழு பேர் தங்கியிருந்தார்கள். குருவான மரகதம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. சந்தியாகுவுக்கு நாற்பத்தொன்பது. அவன் அவரை அம்மா என்பான். அவர் அவனை அண்ணே என்பார். இதில் வேடிக்கை கண்டது பொன்னுரங்கம் ஒருவன்தான். அவனும் அங்கே தங்கியிருக்கிற சீடன்தான். அவனுக்கு எல்லாமே வேடிக்கை.

அங்கே உபதேசம் என்று எதுவும் கிடையாது. வருகிற ஆளுக்குப் பத்தடிக்குப் பத்தடி நிலத்தைக் காட்டுவார் மரகதம்மா. இதில் ஒரு களைகூடப் பூக்கக் கூடாது என்பார். அவ்வளவுதான்.

சந்தியாகு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வந்த அன்றைக்கே எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டான். குடித்துவிட்டு வீட்டுக்குப் போனது. அவனுடைய மனைவி அமலோற்பவம் உள்ளே தாழ் போட்டுக்கொண்டது. தாழ்ப்பாள் பிய்ந்து விழுகிறவரைக்கும் அவன் கதவை உதைத்தது. அதற்குப் பிறகு அவளுடைய இடது மணிக்கட்டு. தொட்டிலில் எட்டு மாதக் குழந்தை முழித்துக்கொண்டிருந்தது. அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தது. எட்டு மாதப் பிள்ளை அழாமல் பார்த்தால் என்ன அர்த்தம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். மறுநாள் காலையில் வீட்டை விட்டு இறங்கியவன் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

மரகதம்மா முழுவதையும் கேட்டார். தங்கிக்கொள்ளலாம் என்றார். நிலத்தைக் காட்டினார்.

முதல் வருஷம் கை ஓயவில்லை. பிடுங்கப் பிடுங்க வந்தது. இரண்டாம் வருஷம் கொஞ்சம் குறைந்தது. ஐந்தாம் வருஷம் விரல்விட்டு எண்ணும்படி ஆனது. பிறகு அதுவும் இல்லை. சந்தியாகு மண்வெட்டியைத் தொடுவதை நிறுத்தினான். கிளறினால்தானே வம்பு என்று விளக்குமாற்றால் கூட்டிவிடுவதோடு சரி. நிலம் களத்துமேடு மாதிரி இறுகிக் கிடந்தது. உங்க நிலத்துல புல்லுகூட பெர்மிஷன் கேட்டுத்தான் மொளைக்கும்ணே என்று பொன்னுரங்கம் சொல்லுவான். சந்தியாகுவுக்கு உள்ளூர அது பிடித்திருந்தது.

பங்குனி மாதம் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஸ்கூலில் பழகிய குண்டுக் கையெழுத்து.

'அப்பா, மே மாதம் முதல் ஞாயிறு கோயிலில் எனக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அம்மா வரட்டும் என்றும் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்படிக்கு, செசிலி.'

அன்று சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு மரகதம்மாவிடம் போனான். அவர் சோளத்தட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போகலாமாம்மா?"

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே அங்கேயே."

மரகதம்மா கார்டை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"அந்தக் கோபம்?"

"அது செத்துப் போச்சும்மா. என் நிலத்தைப் பாருங்களேன். மூணு வருஷமா ஒரு மொளை இல்லை. அதுமாதிரிதான்."

அவர் அவனைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கட்டுப் போட உட்கார்ந்துவிட்டார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு இருட்டிய பிறகுதான் இந்தச் சத்தம்.

சந்தியாகு வரப்பில் நின்றபடியே கேட்டான்.

"பகல்ல கொத்தக் கூடாதாம்மா?"

"தெரியாம கொத்தணும்."

"யாருக்குத் தெரியாம?"

"உள்ள இருக்கிறதுக்கு."

உள்ளேதான் ஒன்றும் இல்லையே என்று நினைத்துக்கொண்டான். காலால் தடவித் தடவிப் பாதி நிலத்தைக் கொத்தி முடித்துவிட்டு, மரகதம்மா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவருடைய அறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து டக் என்று ஒரு சின்ன இரும்புச் சத்தம் வந்தது. ஒன்பது வருஷமாக ராத்திரிதோறும் கேட்கிற சத்தம்தான். ராந்தலை ஆணியில் மாட்டுகிறார் என்று சந்தியாகு நினைத்திருந்தான்.

மறுநாள் உச்சிவெயிலில் அவனைக் கூப்பிட்டு மிச்சப் பாதியைக் கொத்தச் சொன்னார். அதே ஆழம், அதே மண்வெட்டி. பிறகு இரண்டு பாதிக்கும் நாளுக்குப் பத்துக் குடம் தண்ணீர். ஒரு பாதிக்குக் கூடவும் கூடாது, இன்னொன்றுக்குக் குறையவும் கூடாது.

சும்மா கெடக்கிற மண்ணுக்குத் தண்ணி சொமக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன் என்றான் பொன்னுரங்கம். சந்தியாகு சிரித்தான். அவனுக்கு இது பரீட்சை மாதிரி இருந்தது. பாஸாகி விடுவோம் என்ற தைரியமும் இருந்தது. எட்டு நாள் குடம் தூக்கினான்.

ஒன்பதாம் நாள் காலையில் போய்ப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

வெயிலில் கொத்திய பாதி பச்சையாக இருந்தது. முள்ளுக்கீரை, பருப்புக்கீரை, பேர் தெரியாத புல். ஓரமாக நாலைந்து ஊமத்தை. இன்னும் இரண்டு இலைதான் விட்டிருந்தது. ஆனாலும் ஊமத்தைதான். இருநூறு வரைக்கும் எண்ணினான். பிறகு நிறுத்திவிட்டான்.

இருட்டில் கொத்திய பாதியில் ஏழு முளை.

பின்னால் பொன்னுரங்கம் பல்குச்சியோடு வந்து நின்றான்.

"என்னண்ணே, லீவு முடிஞ்சு எல்லாரும் ஸ்கூலுக்கு வந்துட்டாங்க போல."

"நீதானே போட்டே?"

"எதை?"

"விதையை. ராத்திரி வந்து நீதானே தூவினே?"

பொன்னுரங்கம் சிரித்தான். அவன் சிரிக்காமல் இருந்திருக்கலாம். என்ன நடந்தது என்று சந்தியாகுவுக்கே தெரியாது. தெரிந்தபோது அவனுடைய கை பொன்னுரங்கத்தின் சட்டையைக் கழுத்தோடு சேர்த்து முறுக்கியிருந்தது. ஒரு பட்டன் தெறித்து மண்ணில் விழுந்தது. இன்னொரு கை ஓங்கியிருந்தது.

பொன்னுரங்கம் கத்தவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சந்தியாகு கையை எடுத்தான். அந்தப் பார்வையை அவன் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறான். தொட்டிலில்.

கீழே குனிந்து பட்டனைத் தேடினான். முளைகளுக்கு நடுவில் அது கிடைக்க வெகுநேரம் ஆனது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். பொன்னுரங்கம் அதை வாங்கிக்கொண்டு, நான் தூவலைண்ணே, சத்தியமா என்று மெதுவாகச் சொன்னான். அன்று முழுவதும் அவன் வேறு எதுவும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தது அந்த இடத்துக்கே புதிதாக இருந்தது.

மத்தியானம் மரகதம்மா நிலத்துக்கு வந்தார். சந்தியாகு வரப்பில் உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னான். பட்டன் வரைக்கும் சொன்னான். அவர் குனிந்து ஓர் ஊமத்தைக் கன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை இங்க நான் கடைசியாப் பார்த்தப்ப அஞ்சாம் வகுப்பு படிச்சிட்டு இருந்தேன். எங்கப்பாவோட எருக்குழி இங்கதான் இருந்துச்சு. ஆடு தின்னுடுச்சுன்னு எல்லாத்தையும் வேரோட பிடுங்கி எரிச்சாரு."

சந்தியாகு கணக்குப் போட்டான். இருபத்தெட்டு வருஷம்.

"அவ்வளவு காலமும் உயிரோடவாம்மா இருந்துச்சு?"

"தூங்கிட்டு இருந்துச்சு."

"நான்தான் ஒண்ணைக்கூடப் பூக்க விடலையே?"

"அதனாலதான் நீங்க புதுசா ஒண்ணும் சேர்க்கலை. அது நல்ல வேலை. உள்ள ஏற்கெனவே கெடந்தது வேற."

"அப்ப நீங்க கொத்தின பாதியில?"

"அதுலேயும் இவ்வளவு கெடக்கு. மண்ணைப் புரட்டுறப்ப கண்ணைச் சிமிட்டுற நேரம் வெளிச்சம் பட்டாக்கூட அதுல பாதி எந்திரிச்சுக்கும். ராத்திரி புரட்டினா விடிஞ்சது தெரியாமக் கெடக்கும்."

"இன்னும் எத்தனை வருஷத்துக்கு இருக்கும்?"

"தெரியலண்ணே. அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துருவேன்."

ஊருக்குப் போகவில்லை என்றான் சந்தியாகு. பிள்ளைக்கு ஒரு கார்டு போட்டுவிடுவதாகச் சொன்னான். உடம்பு சரியில்லை என்று எழுதலாம். இங்கேயே இருந்துவிடுகிறேன், செத்தால் இந்தப் பத்தடியிலேயே போட்டு மூடிவிடுங்கள் என்றான்.

மரகதம்மா வேறொன்று கேட்டார்.

"அந்தக் கதவு இப்ப எப்படி இருக்கு?"

"எந்தக் கதவும்மா?"

"நீங்க உதைச்ச கதவு."

"தெரியாதும்மா."

"தாழ்ப்பாள்?"

அதுவும் தெரியாது. ஒன்பது வருஷமாகக் கடலை அனுப்பியிருக்கிறான். பண்டிகைக்குத் துணி அனுப்பியிருக்கிறான். மச்சினன் வரும்போதெல்லாம் பிள்ளை படிக்கிறாளா, காய்ச்சல் கீய்ச்சல் வந்ததா என்று விசாரித்திருக்கிறான். கதவைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

"வாங்க," என்றார் மரகதம்மா.

தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சந்தியாகு வாசலிலேயே நின்றான். ஒன்பது வருஷத்தில் அந்த அறைக்குள் அவன் போனதில்லை. உள்ளே ஒரு பாய், ஒரு பானை. ராந்தல் தரையில் இருந்தது. சுவரில் ஆணியே இல்லை.

அவர் கதவைப் பாதி சாத்தி, உள்பக்கம் இருந்த இரும்புத் தாழ்ப்பாளைத் திருப்புளியால் கழற்றத் தொடங்கினார். நாலு திருகாணி. ஒவ்வொன்றையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

சந்தியாகு தாழ்ப்பாளையே பார்த்தான். கைபட்டுக் கைபட்டு அதன் குமிழ் பளபளவென்று இருந்தது.

"இது எப்ப போட்டதும்மா?"

"நீங்க வந்த அன்னைக்கு."

"தினமும் போட்டீங்களா?"

"தினமும்."

"ஒன்பது வருஷமா?"

"ஆமா."

"என்னை நம்பவே இல்லையாம்மா?"

"நம்பினதாலதான் தங்க வச்சேன். தாழ்ப்பாள் போட்டதாலதான் தூங்கினேன்."

அவன் தலை குனிந்தான். கடைசித் திருகாணி இறுகியிருந்தது. அவர் இரண்டு கையாலும் அழுத்தித் திருகினார். இவன் உதவிக்கு வரவில்லை. வர வேண்டுமா என்று தெரியவில்லை.

"இதை எடுத்துட்டா உங்களுக்கு?"

"நீங்கதான் ஊருக்குப் போறீங்களே."

தாழ்ப்பாளையும் திருகாணிகளையும் திருப்புளியையும் ஒரு துணியில் சுற்றி அவன் கையில் வைத்தார். சந்தியாகு கிணறு வரைக்கும் போய்த் திரும்பி வந்தான்.

"இதைப் போட்டதுக்கப்புறம் நான் கதவுக்கு உள்ள இருக்கணுமா, வெளிய இருக்கணுமா?"

"அதைத் தாழ் போடுறவங்க சொல்லுவாங்க," என்றார் மரகதம்மா.

மூன்று பஸ் மாறிப் போய் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. தெரு மாறியிருந்தது. வீடு மாறவில்லை. கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. பஸ் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அமலோற்பவம் அவன் வருவதைத் தெருமுனையிலேயே பார்த்துவிட்டாள். அவள் முதலில் செய்தது, உள்ளே போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தது. அதற்குப் பிறகுதான் முன்கதவுக்கு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கதவைப் பிடித்திருந்த இடது கை மணிக்கட்டில் லேசாகக் கோணியிருந்தது.

சந்தியாகு பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது.

"தாழ்ப்பாள் போட வந்தேன்," என்றான்.

துணியைப் பிரித்துக் காட்டினான். அமலோற்பவம் அதைப் பார்த்தாள்.

"அதுக்கு ஒன்பது வருஷமா?"

உள்ளே வரலாமா என்று கேட்டான். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அந்தச் சின்ன வீட்டில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், திறந்திருந்த பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். செசிலியின் கையைப் பிடித்திருந்தாள். சுவரில் புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைக் கவுன் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவில் பழைய தாழ்ப்பாள் இருந்த இடம் பிளந்தபடியே இருந்தது. நிலையில் ஒரு சணல் கயிறு. கதவுக்குப் பக்கத்தில் சுவரோரம் அம்மிக்கல். அங்கிருந்து கதவு வரைக்கும் சிமெண்டுத் தரையில் வெள்ளையாக ஒரு வழி தேய்ந்திருந்தது.

சந்தியாகு அந்த வழியைப் பார்த்தான்.

"ராத்திரி அதைத் தள்ளி வச்சுக்குவோம்," என்றாள் செசிலி. "அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முன்னாடி அம்மா மட்டும்தான். கை வலிக்கும்னு இப்ப நானும்."

அமலோற்பவம் பிள்ளையின் கையை அழுத்தினாள். பிள்ளை நிறுத்திக்கொண்டது.

பிளந்த இடத்தில் திருகாணி பிடிக்காது. ஒரு சாண் மேலே நல்ல பலகை பார்த்து வைத்தான். பிறகு யோசித்து, பிள்ளைக்கும் எட்டும்படிக் கொஞ்சம் இறக்கினான். அவன் ஒவ்வொரு தடவை கையைத் தூக்கும்போதும் பின்னால் அவள் மூச்சு நிற்பது அவனுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு கையை மெதுவாகவே தூக்கினான். நாலு திருகாணிக்கு அரை மணி நேரம் ஆனது.

"கார்டு வந்துச்சா?" என்று கேட்டாள் செசிலி.

"வந்துச்சு."

"எங்க படுப்பீங்க?"

"அம்மா சொல்ற இடத்துல."

தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். சரியாக விழுந்தது. மரத்தூளைக் கையால் கூட்டி எடுத்தான். திருப்புளியை அம்மிக்கல்லின் மேல் வைத்தான். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினான்.

"போட்டுக்கோ," என்றான்.

படியில் நின்றான். உள்ளே பின்கதவு மூடுகிற சத்தம் கேட்டது, அதன் கொக்கி மாட்டுகிற சத்தமும். பிறகு தரையில் கரகரவென்று அம்மிக்கல் நகர்ந்தது. கொஞ்ச தூரம் வந்தது. நின்றது.

தெருவில் சைக்கிள் ஒன்று போனது. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

கரகரப்பு மறுபடி கேட்டது. இந்தத் தடவை கல் சுவரோரத்துக்குத் திரும்பிப் போனது.

கதவு ஒரு சாண் திறந்தது. கோணல் மணிக்கட்டு ஒன்று வெளியே வந்தது. சுருட்டிய பாயைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனது.

கதவு சாத்திக்கொண்டது.

டக்.